கம்பி பிடித்து ஏறும் மலை: வியா ஃபெராட்டா என்றால் என்ன?

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கும்பிட்டு முடித்த கையோடு இராவணன் வெட்டுப் பக்கம் போய் ஒருமுறை கீழே எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. பாறை செங்குத்தாக இறங்கி நேரே கடலுக்குள் போகும். போன ஓகஸ்டில் சுவிஸிலிருந்து வந்திருந்த என் அக்காவின் மகள் அந்த இடத்தில் நின்று, "மாமா, இதில கம்பி அடிச்சு வைச்சால் நாங்கள் இறங்கலாம் என்ன?" என்று கேட்டாள். கூட வந்த என் வகுப்புப் பெடியன்கள் நாலு பேரும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அதற்கு முந்திய கோடையில் நானும் அவளும் ஆல்ப்ஸ் மலையில் அப்படியான ஒரு பாதையில் வழிகாட்டியோடு போய் வந்திருந்தோம். அது பெடியன்களுக்குத் தெரியாது. அன்று மலையிலிருந்து இறங்கி மான்கள் நிற்கும் மரத்தடி வரை வருவதற்குள் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது. எங்கள் ஊரில் அரைவாசிப் பேருக்குச் சுவிஸிலும் பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். போகிற இடத்தில் மருமக்கள் "வாங்கோ, மலை ஏறுவம்" என்று கூப்பிடும் நாள் யாருக்கும் வரலாம்.

வியா ஃபெராட்டா என்பது இத்தாலியச் சொல். இரும்புப் பாதை என்று அர்த்தம். ஜேர்மன் பேசும் நாடுகளில் கிளெட்டர்ஸ்டைக் என்பார்கள். செங்குத்தான பாறையில் கீழிருந்து மேல்வரை ஒரு தடித்த உருக்குக் கம்பிவடத்தை ஓடவிட்டு, சில மீற்றருக்கு ஒரு இடத்தில் அதைப் பாறைக்குள் இறுக்கி முளை அடித்திருப்பார்கள். கால் வைக்க வழியில்லாத இடங்களில் இரும்புப் படிகள் இருக்கும், சில இடங்களில் ஏணி இருக்கும், பள்ளத்தைக் கடக்கத் தொங்குபாலம்கூட இருக்கும். ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய பட்டியிலிருந்து நீளும் இரண்டு கொக்கிப் பட்டிகளின் நுனியிலுள்ள கொக்கிகளை அந்தக் கம்பிவடத்தில் மாட்டிக்கொண்டு, மாற்றி மாற்றி நகர்த்தியபடி போவார். பாறை ஏறும் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே போகக்கூடிய இடத்துக்கு ஓரளவு உடல் பலம் உள்ள சாதாரண ஆளும் போய்வர இது வழி செய்கிறது.

சிவனொளிபாத மலைக்குப் போனவர்களுக்கு இது முற்றிலும் புதிதாக இராது. அந்த மலையின் செங்குத்தான பகுதியில் யாத்திரிகர்கள் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்ததை 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா எழுதி வைத்திருக்கிறார். பத்துச் சங்கிலிகள் என்று எண்ணிக்கையும் சொல்கிறார். அவருக்கு முன்பே மார்கோ போலோவும் அந்தச் சங்கிலிகளைக் குறிப்பிட்டிருக்கிறார். மலையில் இரும்பைப் பொருத்தி மனிதர் ஏறுவது எங்கள் தீவில் அவ்வளவு பழைய காரியம். ஆனால் அந்தச் சங்கிலி கையால் பிடிப்பதற்கானது. கை வழுக்கினால் சங்கிலி அங்கேயே இருக்கும், ஆள் இருக்க மாட்டார். வியா ஃபெராட்டாவில் கம்பிவடத்தோடு உடம்பே பிணைக்கப்பட்டிருக்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலாம் உலக யுத்தத்தில் இவை பிறந்தன என்று பலரும் சொல்வார்கள். அது பாதி சரி. 1843இலேயே ஃபிரீட்ரிக் சிமோனி என்ற புவியியல் அறிஞர் ஒஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் இரும்பு முளைகளும் கயிறும் பொருத்தி, பாறையில் கால்குழி வெட்டி, வழி ஒன்று அமைத்தார். அதன் பிறகு ஆல்ப்ஸின் வேறு சிகரங்களிலும் இப்படி வழிகள் வந்தன. 1915 மே மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் டொலமைற் மலைத்தொடர் போர்முனையாக மாறியது. இத்தாலியரும் ஒஸ்திரிய-ஹங்கேரியரும் 1917 பிற்பகுதி வரை அந்த உயரங்களில் பனியிலும் குளிரிலும் எதிரெதிரே கிடந்தார்கள். ஆட்களையும் சாப்பாட்டையும் குண்டுகளையும் மேலே கொண்டுபோக ஏணியும் கயிறும் கம்பியும் தேவைப்பட்டன. அந்தப் பாதைகளில் சிலவற்றைப் பின்னர் புதுக் கம்பிவடம் போட்டுத் திருத்தினார்கள், இன்று அவற்றில் உல்லாசப் பயணிகள் நடக்கிறார்கள். யுத்தம் விட்டுப்போன ஒரு பொருள் இப்படிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஏறும் பாதையாக மாறுவதை நினைத்தால், திருகோணமலைக்காரனாகிய எனக்கு மனது கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். "கம்பியில் கொழுவியிருக்குத்தானே, விழுந்தால் என்ன?" என்று பெடியன்களில் ஒருவன் கேட்டான். எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். இது பெரிய பிழை.

கம்பிவடம் செங்குத்தாக ஓடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் மாட்டிய கொக்கி கம்பியில் எங்கேயும் இறுகி நிற்பதில்லை, வளையல் போல வழுக்கித் திரியும். கை தவறினால் கொக்கியும் உங்களோடு சேர்ந்து கீழே வழுக்கும். கடைசியாகத் தாண்டிய முளை வரை போய், அதில் அடித்துத்தான் நிற்கும். அந்த முளை காலுக்கு 3 மீற்றர் கீழே இருந்தால், அந்தத் தூரத்தோடு காலிலிருந்து இடுப்பு வரை உள்ள 1 மீற்றரும், கொக்கிப் பட்டியின் நீளமான 1 மீற்றரும் சேர்ந்து ஏறக்குறைய 5 மீற்றர் விழுகிறீர்கள். பாறை ஏறுபவர்கள் விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் பிரித்து ஒரு எண் எடுப்பார்கள். வழக்கமான கயிற்று ஏற்றத்தில் அந்த எண் 2ஐத் தாண்டாது. நீண்ட கயிறு இழுபட்டு விழுச்சியை மெதுவாக்கும். இங்கேயோ 1 மீற்றர் பட்டியில் 5 மீற்றர் விழுச்சி. எண் 5. கயிற்று ஏற்றத்தில் காணவே முடியாத அளவு கொடுமையான விழுச்சி இது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 70 கிலோ மனிதர் 5 மீற்றர் விழுந்து, 10 சென்ரிமீற்றருக்குள் சட்டென்று நிறுத்தப்பட்டால், அவரை இழுக்கும் விசை அவருடைய எடையைப்போல 51 மடங்கு. சுமார் 3,500 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டதற்குச் சமம், அதாவது 35 கிலோநியூட்டன். இந்த வேலைக்கென்றே செய்த கொக்கிகளுக்கே 25 கிலோநியூட்டன்தான் உத்தரவாதம். கொக்கி உடையுமுன்பே முதுகெலும்பு போய்விடும். அதே மனிதரை 1 மீற்றர் தூரத்தில் மெதுவாக நிறுத்தினால் விசை எடையின் 6 மடங்குதான். நோகும், காயப்படலாம், ஆனால் உயிர் தப்பலாம்.

வகுப்பில் இதை நான் கல்லும் நூலும் வைத்துக் காட்டுவேன். ஒரு கிலோ கல்லை மெல்லிய சணல் நூலில் கட்டித் தூக்கினால் நூல் தாங்கும். அதே கல்லை இரண்டடி உயர்த்திக் கைவிட்டால் நூல் அறும். நடுவில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் அறாது. ரியூப் இழுபடும் தூரமும் நேரமும்தான் நூலைக் காப்பாற்றுகின்றன. கடற்கரையில் படகு கட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. கயிற்றைத் தொய்வு விடாமல் விறைப்பாகக் கட்டினால் முதல் பெரிய அலையிலேயே அது வெட்டுப்படும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வியா ஃபெராட்டாவில் அந்த ரியூப் துண்டின் வேலையைச் செய்வது அதிர்ச்சி தாங்கி. இரண்டு கொக்கிகளும் இரண்டு கைகள் போன்ற பட்டிகளின் நுனியில் இருக்கும். அந்தப் பட்டிகள் ஒன்றுசேரும் இடத்தில், இடுப்புக்குக் கிட்ட, கைக்கடக்கமான ஒரு சின்னப் பை தொங்கும். அதற்குள் ஒரு நாடாவை மடித்து மடித்து நெருக்கமாகத் தைத்து வைத்திருப்பார்கள். விழுந்தால் அந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டு போகும். பிரியும் ஒவ்வொரு தையலும் விழுச்சியின் சக்தியில் கொஞ்சத்தைத் தின்னும். ஒருமுறை பிரிந்துவிட்டால் அவ்வளவுதான். கொஞ்சமாகப் பிரிந்திருந்தாலும் அந்தத் தொகுதியை வீசிவிட வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது அந்தப் பையைத் திறந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இந்தப் பொருளுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 958 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. 2012 ஓகஸ்டில் ஒஸ்திரியாவில் ஒருவர் விழுந்தபோது அவருடைய இரண்டு பட்டிகளும் அறுந்து அவர் இறந்துபோனார். பட்டிக்குள் சுருங்கி விரிவதற்காக வைத்த இறப்பர் இழை, பலமுறை பாவித்ததில் துணியை உள்ளிருந்தே தேய்த்திருந்தது. பல தயாரிப்பாளர்கள் விற்ற பொருட்களைத் திருப்பி எடுத்தார்கள். 2017இல் தரநிர்ணயமும் இறுக்கப்பட்டது. இப்போது 40 கிலோ பாரத்தையும் 120 கிலோ பாரத்தையும் விழுத்திச் சோதிக்கிறார்கள். முதலாவதில் விசை 3.5 கிலோநியூட்டனையும் இரண்டாவதில் 6 கிலோநியூட்டனையும் தாண்டக்கூடாது.

அந்த இரண்டு எடைகளும்தான் உங்களுக்கான எல்லைகள். உடுப்பு, முதுகுப்பை எல்லாம் சேர்த்து 120 கிலோவுக்கு மேல் போனால் தையல் முழுவதும் பிரிந்து முடிந்த பிறகும் விழுச்சி முடியாது. 40 கிலோவுக்குக் குறைந்தவருக்கு நேர்மாறான ஆபத்து. தையல் பிரியும் அளவுக்கு அந்தச் சின்ன உடம்பு இழுக்காது, அடி முழுவதும் பிள்ளையின் உடம்பிலேயே விழும். என் மருமகளுக்கு அப்போது பதினொரு வயது, எடை 36 கிலோ. வழிகாட்டி அவளைத் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு, தன் இடுப்பிலிருந்து அவளுக்கென்று தனியாக ஒரு கயிறு போட்டார். "எனக்கு எல்லாம் தெரியும், கயிறு வேண்டாம்" என்று அவள் முகத்தை நீட்டினாள். அவர் அசையவில்லை. வழிகாட்டியோடு போவதற்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த அசையாமைக்குத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நாங்கள் போனது சுவிஸின் முய்ரன் என்ற மலைக் கிராமத்தில். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் விளிம்பில், 1,638 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எதிரே ஐகர், மொங்க், யுங்ஃபிராவ் என்ற சிகரங்கள் மூன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கும். அங்கே உள்ள இரும்புப் பாதை வழக்கத்துக்கு மாறாக மேலிருந்து கீழாகப் போகும். முய்ரனில் தொடங்கி கிம்மல்வால்ட் கிராமம் வரை 2.2 கிலோமீற்றர், சுமார் மூன்று மணித்தியாலம். தொடக்கத்தில் மரங்களுக்கு நடுவே சும்மா நடப்பது போலத்தான் இருந்தது. பிறகு மரங்கள் திடீரென்று முடிந்தன. பாறையின் முகத்தில் அடித்த இரும்புப் படிகளில் பக்கவாட்டாக நகர வேண்டும். காலுக்குக் கீழே படி, படிக்குக் கீழே பல நூறு மீற்றருக்கு வெறும் காற்று. பள்ளத்தாக்கின் அடியில் மாடுகள் எள்ளுப்போலத் தெரிந்தன. என் கால் நடுங்கியது. வழிகாட்டி பேச்சுக் கொடுக்கவில்லை. "அடுத்த கொக்கி" என்று மட்டும் சொன்னார். அதைச் செய்தேன். "மற்றக் கொக்கி" என்றார். அதையும் செய்தேன். பத்துப் பன்னிரண்டு முளை தாண்டியபோது நடுக்கம் போயிருந்தது. கைக்கு ஒரு வேலை இருந்தால் மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த வேலையைத்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டும். முளை வந்ததும் கொக்கி அதற்கு மேல் போகாது. ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டுகிறீர்கள். அது மூடியதை உறுதிசெய்துகொண்டு, அப்புறம் மற்றதைக் கழற்றி முதலாவதுக்குப் பக்கத்தில் மாட்டுகிறீர்கள். எந்த நேரத்திலும் ஒரு கொக்கியாவது கம்பியில் இருக்க வேண்டும். கேட்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மூன்று மணித்தியாலத்தில் இதை நூற்றுக்கு மேற்பட்ட தடவை செய்ய வேண்டியிருக்கும். களைப்பு, பின்னால் வருகிறவர்களின் அவசரம், நல்ல காட்சி என்று எது வந்தாலும் கை பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு திருப்பத்தில் நான் இரண்டு கொக்கியையும் ஒன்றாகப் பிடித்துக் கழற்றப் போனேன். வழிகாட்டியின் கை என் கைமேல் வந்து விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அந்தக் கையின் பாரம் நினைவிருக்கிறது.

இன்னொரு விதி, இரண்டு முளைகளுக்கு நடுவே ஒருவர் மட்டும். காரணம் மேலே சொன்னதுதான். விழுகிறவர் முளை வரை வழுக்கி, அதற்குக் கீழேயும் போவார். அங்கே நீங்கள் நின்றால் உங்கள் தலையிலோ கையிலோ அவருடைய சப்பாத்து வந்து அடிக்கும். செங்குத்தான இடத்தில் அதைவிடவும் தள்ளி நிற்பது நல்லது. அவசரக்காரர் பின்னால் நெருக்கினால், நிற்க இடமுள்ள இடத்தில் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள்.

கைகளால் உடம்பை இழுத்து ஏறுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற காரியம். கம்பி கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அதைப் பிடித்துத் தொங்கத் தோன்றும். அரை மணித்தியாலத்தில் முன்கை இறுகிக் கல்லாகி, விரல் மடங்காமல் போய்விடும். பனை ஏறுகிற எங்கள் ஆட்களைப் பாருங்கள். தளைநாரில் காலை ஊன்றிக் காலாலேயே எழும்புவார்கள், கை மரத்தை அணைத்திருக்கும், அவ்வளவுதான். இங்கேயும் அதே முறை. காலை நல்ல படியில் வைத்து, முழங்காலை நிமிர்த்தி எழும்ப வேண்டும். களைத்தால் ஓய்வெடுக்கத் தனியாக ஒரு குட்டைப் பட்டியும் கொக்கியும் தருவார்கள். அதை இரும்புப் படியிலோ முளையிலோ மாட்டி, இடுப்புப் பட்டியில் சாய்ந்து கைகளை உதறிக்கொள்ளலாம். ஓய்வு முடிந்ததும் அதைக் கழற்ற மறக்கக்கூடாது. அந்தக் குட்டைப் பட்டியில் அதிர்ச்சி தாங்கி இல்லை.

இடுப்புப் பட்டி, தலைக்கவசம், அதிர்ச்சி தாங்கியோடு சேர்ந்த கொக்கித் தொகுதி, கையுறை ஆகியவற்றை வழிகாட்டி நிறுவனமே பெரும்பாலும் தரும். தலைக்கவசம் நீங்கள் விழுவதற்காக மட்டும் அல்ல. மேலே போகிறவரின் காலில் தட்டுப்பட்டு வரும் கல்லுக்காகவும்தான். கையுறை எதற்கு என்று நான் கேட்டேன். பழைய கம்பிவடத்தில் அறுந்த இழைகள் ஊசிபோல நீட்டிக்கொண்டு நிற்கும் என்றார் வழிகாட்டி. நீங்கள் கொண்டுபோக வேண்டியது விறைப்பான அடியுள்ள சப்பாத்து, தண்ணீர், மழைச்சட்டை.

பாதைகளுக்கு வகுப்பு உண்டு. சில நாடுகளில் கே1 முதல் கே6 வரை எண்ணிடுவார்கள், சில இடங்களில் ஏ, பி, சி என்று எழுத்திடுவார்கள். முதல்தரம் போகிறவருக்கு கே1, கே2 அல்லது ஏ, பி போதும். வழிகாட்டி கூட இருந்தால் கே3 வரை போகலாம். முய்ரன் அந்த அளவுதான். பதிவு செய்யும்போது வகுப்பை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். நடுவழியில் முடியாமல் போனால் விலகி வெளியேற வழி இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பு 1965இலிருந்து இருக்கிறது. அதன் சின்னம் அணிந்த வழிகாட்டி என்றால் பல வருடப் பயிற்சி பெற்றவர் என்று நம்பலாம். ஐரோப்பா தூரம் என்றால், மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாலு மலையிலும் 2007இலிருந்து இப்படியான பாதை இருக்கிறது. அது 3,000 மீற்றருக்கு மேலே என்பதால் உயரத்தில் மூச்சு வாங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வானிலை விஷயத்தில் எங்கள் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நிலாவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கும் அதே மாதங்களில்தான், ஏறக்குறைய யூன் முதல் செப்டெம்பர் வரை, ஆல்ப்ஸிலும் ஏறலாம். ஆனால் அங்கே காலையில் நீலமாக இருந்த வானம் பின்னேரத்தில் கறுத்து இடி இடிக்கும். நீங்கள் உடம்பைப் பிணைத்திருப்பது மலை முழுவதும் ஓடும் உருக்குக் கம்பியில். மின்னல் தூரத்தில் விழுந்தாலும் அந்தக் கம்பி வழியாக உங்களிடம் வரும். அதனால்தான் விடியவே வெளிக்கிடுகிறார்கள். வழிகாட்டி "இன்றைக்கு இல்லை" என்றால் வாதாட வேண்டாம். காசு போனாலும் போகட்டும்.

விழுந்து, அதிர்ச்சி தாங்கி வேலைசெய்து, உயிரோடு தொங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் காரியம் முடியவில்லை. இடுப்புப் பட்டியில் அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். காலை ஏதாவது படியிலோ பாறையிலோ ஊன்றி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் உதவிக்கு 112. சுவிஸில் மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. ஏறுமுன்பே இந்த எண்களை ஃபோனில் போட்டு வையுங்கள்.

இனி மருமகள் கேட்ட கேள்வி. இராவணன் வெட்டு இருக்கும் சுவாமி மலையில் கம்பி அடிக்கலாமா? வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அது கோயில் இருக்கும் மலை, அதுவே போதுமான காரணம். அதோடு, கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் படும் பாடு அவளுக்கும் தெரியும். வண்ணம் பூசிய அடுத்த மழைக்குள் துரு எட்டிப் பார்க்கும். பாறைக்குள் இருக்கும் முளை துருப்பிடித்தால் வெளியே தெரியாது. இரும்புப் பாதை போடுவது ஒருமுறை செய்யும் வேலை, அதை ஒவ்வொரு வருடமும் தட்டிப் பார்த்து மாற்றுவது முடிவில்லாத வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு ஆள் இல்லாத இடத்தில் முதலாவதைச் செய்யவே கூடாது.

போக நினைக்கிறவர்கள் இப்போதே வீட்டில் ஒன்று செய்யலாம். வாசல் கேற்றுக் கம்பியில், இடுப்பு உயரத்தில், சாதாரண ஸ்பிரிங் கொக்கிகள் இரண்டை மாட்டிக்கொள்ளுங்கள். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். இது கைப்பழக்கத்துக்கு மட்டும், இவற்றை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. குறுக்குக் கம்பியைத் தாண்டி ஒன்றை மாற்றுங்கள், பிறகு மற்றதை. ஒரு கையால் செய்து பாருங்கள், அப்புறம் இடது கையால், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. உப்புவெளியில் எங்கள் வீட்டு கேற்றில் அந்த நாலு பெடியன்களும் அன்று பின்னேரம் முழுவதும் இதைத்தான் செய்தார்கள். மருமகள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, "ஒண்டு... பூட்டினதைப் பாருங்கோ... இப்ப மற்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவன் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கழற்றினான். அவள் எழும்பிப் போய் அவன் கைமேல் தன் கையை வைத்தாள்.